அடித்தல் திருத்தல் இல்லாத வானிலை அறிக்கை

"இதை நீயே பிடிச்சியாம்மா, இல்ல நெட்ல இருந்து எடுத்து ஒட்டினதா?"

ஊட்டியில் நான் படிக்கும் கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில், என் ரெக்கார்டு நோட்டை ஒற்றை விரலால் புரட்டிக்கொண்டே நடுவர் இப்படிக் கேட்டார். குரலில் கோபம் இல்லை. பரீட்சையில் பிட் அடித்த பிள்ளையைப் பிடித்த பிறகும் பெரிதுபடுத்தாமல் விடுகிறவரின் பெருந்தன்மை இருந்தது. திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன். அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நோட்டில் இருந்தவை வானிலை அறிக்கைகள். ஐரோப்பாவில் ஒரு நிலையம், கடலில் இருக்கும் கப்பல்களுக்காகச் சிற்றலை வானொலியில் ஆங்கிலத்தில் அனுப்புபவை. அவை பேச்சாக வருவதில்லை, எழுத்தாக வருகின்றன. ஒவ்வொரு எழுத்தையும் உயர்ந்த சுருதி, தாழ்ந்த சுருதி என்று இரண்டே சுருதிகளை மாற்றி மாற்றிக் கோத்து அனுப்புகிறார்கள். ரேடியோவில் கேட்கும் அந்தச் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொடுத்தால், அதற்கென்று இருக்கும் மென்பொருள் சுருதிகளைப் பிரித்து மறுபடியும் எழுத்தாக்கித் திரையில் ஓடவிடும். ரேடியோ டெலிடைப் என்பது இதன் பெயர். இதற்கு இன்டர்நெட் தேவையே இல்லை. ஊட்டிக்குப் பக்கத்தில் நடுவட்டம் என்ற ஊரில், எஸ்டேட் தொழிலாளர்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீட்டில் இன்டர்நெட் கிடையவும் கிடையாது. போன் பேசுவதற்கே மாரியம்மன் கோவில் மேட்டுக்கு ஏற வேண்டும். அந்த வீட்டில் உட்கார்ந்து எடுத்ததைத்தான் நெட்டிலிருந்து எடுத்ததா என்று கேட்டார்.

கோவையில் நடக்கும் கல்லூரிகளுக்கான அறிவியல் கண்காட்சிக்கு எங்கள் துறையிலிருந்து ஒரே ஒரு செய்முறையை அனுப்புவார்கள். அந்த ஒன்று என்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஆறு மாதம் உழைத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். தோட்டத்தில் இலை பறிக்கும் அம்மா, சம்பளத்தன்று இன்றைக்கும் பெருவிரலைத்தான் மையில் ஒற்றுகிறாள். நான் செய்த ஒன்றை நான்தான் செய்தேன் என்று படித்தவர்கள் நாலு பேர் ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ரேடியோ எங்களுக்கு வந்தது எஸ்டேட்டின் பழைய பங்களாவைக் காலி செய்தபோது. அப்பா தேயிலைப் பேக்டரியில் இலை வாட்டும் பிரிவில் வேலை செய்கிறார். உடைந்த நாற்காலிகளோடு இதையும் தூக்கிப் போகச் சொன்னார்கள். பாட்டுக் கேட்கலாம் என்று ஆசையோடு கொண்டுவந்தார். பாட்டு வரவில்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் இரைச்சல், நடுநடுவே வேகமான ஒரு கீச்சல்.

"கோழிக்குஞ்சைப் பொட்டில போட்டு பஸ்ஸுல கொண்டாருவாங்கல்ல, அந்தச் சத்தமாட்ட இருக்குது," என்றாள் அம்மா. "அணைச்சுப் போடு அம்மிணி, தலை நோவுது."

அம்மா சொன்ன அந்தக் கோழிக்குஞ்சுச் சத்தம் என்னவென்று கல்லூரி நூலகக் கம்ப்யூட்டரில் தேடித்தான் தெரிந்துகொண்டேன். மென்பொருள் இலவசமாகக் கிடைத்தது. பென் டிரைவில் கொண்டுவந்து, பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில் ஏற்றினேன். ரேடியோவில் இயர்போன் செருகும் துளையிலிருந்து லேப்டாப்பில் மைக் செருகும் துளைக்கு ஒரு ஒயர். ஏரியலுக்கு, எரிந்துபோன மோட்டாரிலிருந்து உருவிய செப்புக் கம்பியை அப்பா பேக்டரியில் கேட்டு வாங்கி வந்தார். கூரை முனையிலிருந்து எதிரே இருக்கும் சில்வர் ஓக் மரம்வரை இழுத்துக் கட்டினோம்.

மூன்றாம் நாள் லைன்களைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர் வாசலில் வந்து நின்றார்.

"ஏப்பா, கரண்டுக்குக் கொக்கி போட்டிருக்கறயா?"

"இல்லைங்க. புள்ள ரேடியோவுக்குக் கட்டியிருக்குதுங்க," என்றார் அப்பா.

"ரேடியோவுக்கு இம்புட்டு நீளத்துக்கா? எந்தச் சீமைப் பாட்டுக் கேக்குது உம்பட புள்ள?"

"பாட்டு இல்லீங்க. எழுத்து வருதுங்களாமா."

"ரேடியோவுல எழுத்து வருதா. அப்ப பேப்பர்ல இருந்து சத்தம் வருமாட்ட இருக்குது."

சிரித்துக்கொண்டே கம்பியின் இரண்டு முனைகளையும் தடவிப் பார்த்த பிறகுதான் போனார். அந்த மரத்துக்குப் பக்கத்தில் ஒரு கரண்டுக் கம்பமும் இல்லை. எங்கள் வீட்டில் ஒரு பொருள் இருந்தால் அது என்ன என்பது இரண்டாவது கேள்வி. எங்கே திருடியது என்பதுதான் முதல் கேள்வி. அன்று எனக்கு வந்த கோபத்தை அப்பா பார்வையாலேயே அடக்கிவிட்டார்.

முதல் மாதம் முழுக்கத் திரையில் குப்பைதான் வந்தது. சுருதிகள் இரண்டும் திரையின் ஓரத்தில் இரண்டு வெளிச்சக் கோடுகளாகத் தெரியும். அவற்றைச் சரியான இடத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நிறுத்தினேன். எழுத்துகள் கொட்டின. ஒரு சொல்லும் தேறவில்லை. எனக்கு மூளை போதவில்லையோ என்று இரண்டு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, உயர்ந்த சுருதியைத் தாழ்ந்ததாகவும் தாழ்ந்ததை உயர்ந்ததாகவும் எடுத்துக்கொண்டால் எல்லா எழுத்தும் வேறு எழுத்தாகிவிடும் என்று. தலைகீழாக்க ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். அப்போதும் குப்பைதான். இரண்டு சுருதிகளுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதையும் நாம்தான் சொல்ல வேண்டுமாம். வீட்டிலிருந்தே ஹாம் ரேடியோ இயக்கும் பொழுதுபோக்குக்காரர்கள் அனுப்புவது குறுகலாக இருக்கும், வானிலை நிலையம் அனுப்புவது அகலமாக இருக்கும். அதையும் மாற்றினேன்.

அதற்குப் பிறகு ரேடியோவே நகர ஆரம்பித்தது. பழைய பெட்டி. சூடாகும்வரை அலைவரிசை கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கிக்கொண்டே போகும். எங்கள் ஊர்க் குளிரில் அது சூடாவதற்கு முக்கால் மணி நேரம் வேண்டும். கல்லூரி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் முதல் வேலையாக அதை முடுக்கிவிட்டு, கதவிடுக்குக் காற்றுப் படாமல் பின்னால் ஒரு கம்பளியைத் தொங்கவிட்டு, சோறாக்கிக் குழம்பையும் இறக்கிய பிறகு வந்து உட்காருவேன். அப்போதும் குமிழிலிருந்து விரலை எடுக்கக் கூடாது. ஒரு மயிரிழை நகர்ந்தாலும் பொருளுள்ள வரி நடுவில் கலைந்துவிடும்.

ஒரு சாயங்காலம் திரையில் ஆர், ஒய், ஆர், ஒய் என்று ஒரு வரி முழுக்க ஓடியது. அடுத்த வரியும் அப்படியே. கேட்பவர்கள் தங்கள் கருவியைச் சரிசெய்துகொள்வதற்காக நிலையம் அனுப்பும் வரி அது. குப்பையில் அவ்வளவு ஒழுங்கு இருக்காது. சில நிமிடங்களில் அறிக்கை வந்தது. தென்மேற்குக் காற்று, வேகம் பன்னிரண்டுக்கு ஏழு, மேலும் வலுக்கும், அலை மூன்று மீட்டர். நான் பார்த்த ஒரே கடல், பள்ளிச் சுற்றுலாவில் பார்த்த கோழிக்கோட்டுக் கடல். இது எந்தக் கடல் என்று அட்லஸில் தேடினேன்.

"என்னங்குது?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

"காத்து அடிக்குதாம். கப்பலெல்லாம் பாத்துப் போகணுமாம்."

"கப்பல்காரனுக்குச் சொல்றது உனக்கெதுக்கு வருது?"

"எல்லார்த்துக்கும்தான் வருதும்மா. எடுக்கறவங்களுக்குக் கிடைக்கும்."

"ம். அவ்வளவு தொலைவுல காத்தடிக்கறது தெரியுது. நாளைக்குக் காலையில எங்க காட்டுல மழையான்னு சொல்ல ஒருத்தனையும் காணோம்."

ஒரு தொல்லை மட்டும் கடைசிவரை தீரவில்லை. காட்டுமாடு தோட்டத்துக்குள் இறங்காமல் இருக்க எஸ்டேட் ஓரத்தில் சோலார் மின்வேலி போட்டிருக்கிறார்கள். அது விநாடிக்கு ஒரு தடவை துடிக்கும். அந்தத் துடிப்பு ரேடியோவில் டிக் என்று விழும். விழும்போதெல்லாம் ஓர் எழுத்தைத் தின்றுவிடும். மழைநாளில் நனைந்த செடிகள் வேலியில் உரசும்போது இரண்டு மூன்று எழுத்துகள் போகும். ஆனால் நிலையம் ஒரே அறிக்கையை மறுபடியும் அனுப்பும். அப்போது வேலி வேறு எழுத்துகளைத் தின்னும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதில் இல்லாததை அதிலிருந்து எடுத்து, ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தேன். ஒரு அறிக்கையை முழுதாக்க மூன்று மணி நேரம்கூட ஆகும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அதிலேதான் நான் தவறு செய்தேன். ஓட்டை அடைத்ததைக் கம்ப்யூட்டரில் வந்த எழுத்தின் மேலேயே திருத்திச் சேமித்துவிட்டேன். வந்தது வந்தபடி எங்கும் இல்லை. ரஃப் நோட்டில் எழுதிய குறிப்புகளை அம்மா அடுப்புப் பற்றவைக்க எடுத்தபோதும் தடுக்கவில்லை. ஃபேர் எழுதிய பிறகு ரஃப் எதற்கு? ஆறாம் வகுப்பில் இரண்டு வரியை அடித்து எழுதியதற்காக என் நோட்டை வகுப்பு முன்னால் கிழித்துப் போட்டிருக்கிறார்கள். அடித்தல் திருத்தல் இன்றி எழுதுக என்று பன்னிரண்டு வருடம் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். படித்தவர்கள் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு, எந்த இடத்தில் சுத்தமாக எழுத வேண்டும், எந்த இடத்தில் அழுக்கை அப்படியே காட்ட வேண்டும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்குப் பள்ளிக்கூடம் சொன்னதுதான் சட்டம். பதினைந்து அறிக்கைகளையும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நீல மையில், ஒரு அடித்தல் இல்லாமல் எழுதிக் கொண்டுபோனேன்.

கோவைக்கு அனுப்பும் செய்முறையைத் தேர்ந்தெடுக்க வந்த நடுவர், வயர்லெஸ் வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர்.

"நானே எடுத்ததுங்க சார்," என்றேன்.

"சிற்றலைல இவ்வளவு சுத்தமா வராதும்மா. பெரிய ஏரியல் போட்டு நாங்க எடுத்தப்பவே பாதி எழுத்துப் போயிரும்."

"போச்சுங்க சார். ரெண்டு தடவை எடுத்துச் சேர்த்து எழுதினேன்."

"அப்படியா. அந்த ரெண்டையும் காட்டு."

காட்ட அந்த இரண்டும் என்னிடம் இல்லை.

"அப்பா என்ன பண்றார்?"

"டீ பேக்டரில வேலைங்க."

"செட்டு எப்படி வந்துச்சு?"

சொன்னேன். பங்களாவில் தூக்கிப் போட்டதா என்று ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் 'மூலம் சந்தேகத்துக்குரியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் நின்ற துறைத் தலைவி மேடத்திடம், "கையெழுத்து நல்லா இருக்கு," என்றார்.

அவர் சொன்னதில் பாதி சரி. சிற்றலையில் எதுவும் அவ்வளவு சுத்தமாக வராது. அதை அவரைவிட நான் சமீபத்தில் பட்டு அறிந்தவள். ஆனால் முப்பது வருட அனுபவம் உள்ளவர் என்னிடம் தொழில் சார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். சுருதி தலைகீழானதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டிருக்கலாம். உங்கள் பக்கத்தில் எழுத்தைக் கெடுப்பது எது என்று கேட்டிருக்கலாம். ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அவர் அப்பாவின் வேலையைக் கேட்டார். விடை கிடைத்ததும் தீர்ப்பை எழுதிவிட்டார்.

கோவைக்குத் தேர்வானது மழை வந்தால் மணியடிக்கும் கருவி. என் வகுப்புத் தோழி ஒருத்தியுடையது. அதன் அடியில் கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டுக்கூட உரிக்கப்படவில்லை. எங்கிருந்து எடுத்தாய் என்று அவளை யாரும் கேட்கவில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்காதவர்கள்மேல்தான்.

மறுநாள் மேடத்தின் அறைக்குப் போனேன். "மேடம், செட்டை இங்கயே கொண்டுவந்து உங்க முன்னாடி எடுத்துக் காட்டறேன். சாரையும் வரச் சொல்லுங்க," என்றேன். அவர் யோசித்துவிட்டு, வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் கொண்டுவரச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை ரேடியோவைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

"என்ன அம்மிணி, மடியில சாமி சிலையா?" என்றார் கண்டக்டர்.

"ரேடியோங்கண்ணா."

"அட, அப்ப ஒரு பாட்டுப் போடு. நம்ம பஸ்ஸுல செட்டு ரிப்பேரு."

"இதுல பாட்டு வராதுங்கண்ணா."

"பாட்டு வராத ரேடியோவுக்கா இவ்வளவு சீராட்டு? எங்க ஊட்ல எனக்கே கம்பளி இல்ல."

சாயங்காலம் ஆய்வுக்கூட ஜன்னலிலிருந்து வெளியே நின்ற தைலமரத்துக்குக் கம்பியைக் கட்டினேன். டியூப் லைட்டுகளை அணைக்கச் சொன்னேன், அவையும் இரைச்சல் போடும். நடுவர் வரவில்லை. வேறு வேலையாம். மேடமும் வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரும் நின்றார்கள். நான்கு மணியைத் தாண்டியதும் ரேடியோ ஒரு நிலைக்கு வந்தது. கோடுகள் இரண்டையும் இடத்தில் நிறுத்தினேன். முதலில் ஆர், ஒய். பிறகு அறிக்கை. அங்கே மின்வேலி இல்லை, ஆனால் கல்லூரியில் ஏதோ ஒரு மோட்டார் எழுத்துகளைக் கடித்துக்கொண்டிருந்தது. காற்று என்ற சொல்லில் ஓரெழுத்து இல்லை. எண்ணுக்குப் பதில் எழுத்து வந்தது. ஆனாலும் யாரும் படித்துவிடலாம்.

"இது இப்ப வந்துட்டு இருக்கறதா?" என்று மேடம் திரைக்குக் கிட்டே குனிந்தார்.

"ஆமாங்க மேடம். இந்த நிமிஷம்."

முழு அறிக்கையும் முடியும்வரை அவர் நகரவில்லை. ஒரு பிள்ளை மெதுவாகக் கை தட்டியது. தீர்ந்தது என்று நினைத்தேன்.

"நீதான் செஞ்சிருக்க. எனக்குத் தெரியுது," என்றார் மேடம். "ஆனா இவ்வளவு தப்பும் தவறுமா வர்றதை எப்படிம்மா கண்காட்சிக்கு அனுப்பறது? காலேஜ் பேரு என்னாகும்?"

சுத்தமாகக் கொடுத்தால் திருட்டு. வந்தபடி கொடுத்தால் அசிங்கம். இரண்டுக்கும் நடுவில் நான் எதைக் கொடுத்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் யாராவது சொல்லட்டும்.

"தப்போட வந்தாத்தான் நிஜம்னு சார் சொன்னாருங்களே மேடம்," என்றேன்.

"அதில்லம்மா. லிஸ்ட்டும் நேத்தே அனுப்பியாச்சு."

கோவை போனால் போகட்டும். நோட்டைத் திறந்து சிவப்பு மை இருந்த பக்கத்தைக் காட்டினேன். "இதுக்குக் கீழ, நீங்க பாத்ததை மட்டும் எழுதிக் குடுங்க மேடம். ஒரு வரி."

அவர் பேனாவைக் கையில் எடுத்தார். எடுத்தவர் மூடியைத் திறக்கவில்லை. "அவர் எழுதினதுக்குக் கீழ நான் எப்படி எழுதறது? அவர் ஹாம் ரேடியோ லைசென்ஸ் வெச்சிருக்கறவர். உனக்கு ஒரு கால் சைன்கூட இல்ல." கால் சைன் என்பது, வானொலியில் அனுப்ப உரிமம் பெற்றவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் அடையாளம். அது இருப்பவர் வார்த்தைக்கு முன்னால், கண்ணால் பார்த்தவர் வார்த்தையும் நிற்காது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன்.

"உம்பட வேலைதான்னு அந்தம்மாளுக்குத் தெரியுதா, இல்லையா?" என்றாள் அம்மா.

"தெரியுதாம். எழுதித் தர முடியாதாம்."

"தெரியுதுன்னா எழுதறதுக்கென்ன? கையி சுளுக்கிக்கிச்சா? நானே எழுதத் தெரிஞ்சா எழுதியிருப்பேன்."

அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "அந்த லைசென்ஸுக்கு என்ன பண்ணணும்?"

"பரிச்சை எழுதணும்ப்பா. சட்டமும் ரேடியோப் பாடமும்."

"பரிச்சைதான?" என்றார். கைகால் கழுவப் போய்விட்டார்.

அன்றிலிருந்து வந்ததை வந்தபடி, நாளும் நேரமும் போட்டு, தனியாகச் சேமிக்கிறேன். ஓட்டை அடைப்பதை வேறு கோப்பில் செய்கிறேன். ரெக்கார்டு நோட்டை மேடம் மதிப்பெண் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். பக்கம் கிழிக்கப்படாமல் அப்படியே இருக்கிறது. நானும் கிழிக்கவில்லை. அந்த ஆள் எழுதியது அவருடைய தவறு, அதை நான் எதற்கு மறைக்க வேண்டும்?

தேர்வுக்கான பாடங்களை இரண்டு முறை முடித்தாகிவிட்டது. மின்தடை, அலைநீளம், யாரோடு எந்த அலைவரிசையில் பேசலாம், எதைப் பேசக் கூடாது. பெரும்பாலானவை கையால் செய்து தெரிந்தவை. விண்ணப்பத்தைப் போன மாதமே அனுப்பிவிட்டேன். அனுமதிச்சீட்டு வந்துவிட்டது. தேர்வு சென்னையில். அம்மா பீல்டு ஆபீசரிடம் மூன்று நாள் லீவு சொல்லிவிட்டாள். மேட்டுப்பாளையத்திலிருந்து போகும் ரயிலில் எங்கள் இரண்டு பேருக்கும் நேற்று டிக்கெட் எடுத்தேன்.